ஒறம்பரை மட்டும் வந்துபோன வெப்சைட்

புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள் என்று உங்கள் கம்பெனியில் கூப்பிட்டார்கள். வந்தேன். முதலில் உங்கள் திரைகளைக் காட்டினார்கள். வெப்சைட்டை யார் எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், எந்த இடத்தில் சலித்துப்போய் வெளியேறினார்கள் என்று எல்லாம் வண்ண வண்ணமாகத் தெரிகிறது. கொடுத்துவைத்தவர்கள் நீங்கள். எங்களுக்கு இருந்தது பக்கத்தின் அடியில் ஓடுகிற ஒரு எண்ணிக்கைப் பெட்டி மட்டும்தான். யாராவது பக்கத்தைத் திறந்தால் அதில் ஒரு எண் கூடும். திறந்தது கடவுளா கழுதையா என்று அதற்குத் தெரியாது.

நான் நின்றுகொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் "டிராஃபிக் ஏறிடுச்சு!" என்று கத்த, மற்றவர்கள் கை தட்டினீர்கள். தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே கைதட்டலை நான் கோவையில் ஒரு கிரைண்டர் கம்பெனி ஆபீசில் கேட்டிருக்கிறேன். அதை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். அறிவுரை எதிர்பார்த்து நோட்டை எடுத்து வைத்திருப்பவர்கள் மூடிக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. பிரவுசிங் சென்டர்கள் அப்போதுதான் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்தன. நான் அதுவரை ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்துக் கோத்தவள். கம்ப்யூட்டர் வந்ததும் அதைக் கற்றுக்கொண்டு, காந்திபுரத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, வெப்சைட் செய்து தரப்படும் என்று போர்டு மாட்டினேன். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர், அது என்ன மெஷின், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று விசாரித்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

அப்படிக் கேட்காமல் வந்தவள் பூங்கொடி. உடுமலைப்பேட்டைப் பெண், எம்.காம். படித்தவள். கணபதிப் பக்கம் வெட் கிரைண்டர் செய்கிற ஒரு குடும்பத்துக்கு மருமகளாக வந்திருந்தாள். அவளுடைய மாமனாரை ஊரே பெரியவர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே சொல்கிறேன். பெரியவர், அவருடைய தம்பி, தங்கை வீட்டுக்காரர் என்று எல்லாரும் கம்பெனியில் பங்குதாரர்கள். அந்தக் குடும்பத்தில் ஆபீசுக்குள் வந்து வேலை பார்த்த முதல் பெண் இவள்தான். அதற்கே கல்யாணமான புதிதில் வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கிறது.

இப்போது அந்த வேலைக்கு ஆபத்து வந்திருந்தது. ஊரில் தெருவுக்கு ஒருவர் கிரைண்டர் செய்ய ஆரம்பித்துவிட்டதால் இவர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு பெரிய டீலர் வந்து, "நீங்க செஞ்சு குடுங்க, எங்க பேரை ஒட்டி நாங்க வித்துக்கறோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவருக்கும் அதில் பாதி மனசு. அது நடந்தால் பட்டறை ஓடும். ஆனால் விற்பதற்கு ஒன்றும் இருக்காது, அதனால் ஆபீசும் தேவையில்லை, பூங்கொடியும் தேவையில்லை. அவள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

"வெளிநாட்டுல நம்ம பொம்பளைங்க இட்லி மாவுக்குத் தவிச்சுக் கெடக்கறாங்கக்கா," என்றாள் என்னிடம். "அமெரிக்கா கரண்டுக்குத் தக்க மோட்டாரை எங்க பட்டறையிலயே சுத்தித் தரலாமுங்க. அவங்களுக்கு நாங்க இருக்கறது தெரியோணும், அவ்வளவுதான். மாமாகிட்ட ஆடி முடியற வரைக்கும் டைம் வாங்கியிருக்கறேன்."

அந்த அவகாசமும் மாமனாரின் தாராளத்தால் கிடைத்ததல்ல. ஆடி மாசத்தில் எங்கள் பக்கம் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்று டீலரே சொல்லிவிட்டார். அந்த இடைவெளியைத்தான் இவள் பிடித்துக்கொண்டாள்.

வெப்சைட் என்றதும் பெரியவரே நேரில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு உறை நிறையப் போட்டோக்கள். "ஏனுங்க கம்ப்யூட்டரம்மா, மொதல்ல விநாயகர் வந்துரோணுமுங்க. அப்பறம் எங்கப்பாரு. அப்பறம் நாங்க பங்குதாரருங்க, வயசு வாரியா. பட்டறை தெறப்பு விழா போட்டோவுல சம்பந்திங்க நிக்கறாங்க, அதையும் சேத்துப்போடுங்க. உட்டுட்டா வருத்தப்படுவாங்க."

கல்யாணப் பத்திரிகை போட்டவளுக்கு இது புதிதா? பெயர் வரிசை மாறினால் எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன வரிசையிலேயே வைத்தேன். பெரியவரின் அப்பா படம் சந்தனப்பொட்டும் மாலையுமாக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் சுடர் ஆடுகிற மாதிரி இரண்டு குத்துவிளக்குப் படங்கள் வைத்தேன். அன்றைக்கு அசைகிற படம் வைக்கத் தெரிந்தால் கோவையில் அவர் பெரிய நிபுணர். பெரியவர் அந்தச் சுடரைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் அடியில், சம்பந்திகளையும் தாண்டி, கிரைண்டர் இருந்தது.

பூங்கொடி மட்டும், "கிரைண்டரு கொஞ்சம் மேல வந்தா நல்லாருக்குமுங்க மாமா," என்றாள். "வரும் வரும், எங்க போயிரப் போவுது," என்றார் பெரியவர்.

வெப்சைட் ஏறிய மறுநாளிலிருந்து எண்ணிக்கைப் பெட்டி குதித்து ஓடியது. ஆபீசில் தினமும் அதைப் பார்த்துக் கை தட்டினார்கள். பெரியவரின் தம்பி எனக்கு மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். "ஒலகமே நம்மளைப் பாக்குதுங்க!" வெப்சைட்டைப் பார்க்க வந்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போக ஒரு இடம் விட்டிருந்தேன். அதிலும் எழுதித் தள்ளியிருந்தார்கள். பெரியப்பா போட்டோ சூப்பர் என்று துபாயிலிருந்து ஒருவர். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும் என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர். அன்னூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை, திறப்பு விழாப் போட்டோவில் தன் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தார்.

ஒரு கிரைண்டர் விலை கேட்டு ஒருவரும் எழுதவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் உறவுக்காரர்களை ஒறம்பரை என்போம். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் ஒறம்பரை அத்தனை பேரும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அது நாளைக்குப் பேச்சாகிவிடும். பெரியவர் வெப்சைட் திறந்ததைச் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தார். அவர்களும் கடமை தவறாமல் ஊர் ஊராகப் பிரவுசிங் சென்டருக்குப் போய், பக்கத்தைத் திறந்து, தங்கள் படத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை எழுதிவிட்டு வந்தார்கள். பெரியவரும் தன்னைப் பார்க்க வருகிறவர்களை எல்லாம் அப்படியே கூட்டிக்கொண்டு போய்த் திறந்து காட்டினார். எண் ஏறாமல் என்ன செய்யும்?

ஆடி பாதி தாண்டியதும் பூங்கொடி என் அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. "ஊட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்கறாங்கக்கா. நான் எழுதியிருக்கற பேரையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தேனுங்க. இது பூராம் நம்ம ஆளுங்க. வெளியாளு ஒருத்தராச்சும் வந்தாங்களா, வந்தவங்க ஏன் பேசாமப் போயிட்டாங்க, ஒண்ணுமே தெரியலைங்க."

உங்களிடம் இருக்கிற திரைகள் இருந்தால் அங்கேயே பார்த்திருப்போம். இல்லாததால், வெளியாள் ஒருவர் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்றேன். இரண்டு பேரும் கீழே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மெயில் அனுப்பிவிட்டு ஒரு அம்மா எழுந்துகொண்டிருந்தார். நாங்கள் தேடியது அப்படி ஒருவரைத்தான். "ஏனுங்கம்மா, சித்தெ உக்காந்து இந்தப் பக்கத்தைப் பாத்துச் சொல்றீங்களா?" என்று பூங்கொடி கெஞ்ச, அவரும் உட்கார்ந்தார். இன்ன கம்பெனி, இன்ன சாமான் என்று நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு இணையம் போன் லைன் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். முதலில் விநாயகர் இறங்கினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு மாலையின் மேல்பாதி வந்தது. நெற்றியில் பொட்டு வந்தது. ஒரு பெரிய மனிதரின் முகம் வந்தது. இரண்டு பக்கமும் விளக்கு எரிய ஆரம்பித்தது.

"அடப் பாவமே! எப்பங்க தவறிப்போனாரு?"

அந்த அம்மா திரையில் கீழே தேடினார். "கருமாதி என்னைக்குன்னு போடலீங்களே?" பிறகு பூங்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு என்ன ஒறவு கண்ணு? தைரியமா இரு." சொல்லிவிட்டு, தெரியாத குடும்பத்தின் துக்கத்தில் அதிக நேரம் இருப்பது முறையில்லை என்பது போல எழுந்து போய்விட்டார்.

கிரைண்டர் அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது.

படியில் ஏறும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூங்கொடி சிரிக்கவில்லை. அவள் அழுதாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இது எனக்கு ஒரு வெப்சைட், அவளுக்கு அப்படி இல்லை. "இன்னைக்கே மாத்திப்போடறேன்," என்றேன். "படத்தையெல்லாம் எடுத்துட்டு கிரைண்டரை மேல வெக்கறேன். ஒங்க மாமா பாக்கறப்ப மட்டும் பழைய பக்கம் வர்ற மாதிரி வேற ஒரு அட்ரஸ் குடுத்துரலாம். அவருக்குத் தெரியவே தெரியாது." ஆடி முடிய நாள் அதிகமில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாமுங்கக்கா. அவங்கப்பாரு படத்தை அவருக்குத் தெரியாம எடுத்துப்போட்டு நான் நூறு கிரைண்டர் வித்தாலும், அதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த ஆபீசுக்குள்ள போறதுங்க? நானே கேக்கறேன். நீங்க கூட வாங்க, அது போதும்."

போனோம். ஆபீசில் பெரியவரும் தம்பியும் இருந்தார்கள். பூங்கொடி சுவரோரமாக நின்றபடியே, நடந்ததை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். கருமாதி என்ற வார்த்தை வந்ததும் தம்பி மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "என்ன அம்மணி பேச்சு பேசற? ஆரு படத்தப் பாத்து என்ன சொல்ற?"

பெரியவர் தம்பியைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்தார். "நெசமாலுமே கேட்டாங்களா?"

"கேட்டாங்க," என்றேன்.

அவர் முகம் செத்துப்போய்விட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பூங்கொடி விடவில்லை. "மாமா, டவுன்ல இருக்கற நம்ம கடையில தாத்தா படம் எங்கீங்க மாட்டியிருக்குது?"

"கல்லாவுக்கு மேல."

"வாசல்ல மாட்டலாமில்லீங்க? வரவங்க மொதல்ல தாத்தாவைப் பாத்துட்டு உள்ள வருவாங்க."

"வாசல்ல எப்படி அம்மணி மாட்டறது? மாலை போட்ட படத்தை வாசல்ல வெச்சா துக்க ஊடுன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "எடுத்துப்போடு. அப்பாரு இல்லாத எடத்துல எங்க மூஞ்சியும் வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துப்போடு. கிரைண்டரே இருக்கட்டும்."

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் சின்ன வேலை. கிரைண்டர் படம் ஒன்று, அதுவும் சின்னதாக, சட்டென்று இறங்குகிற மாதிரி. அமெரிக்க மின்சாரத்துக்கு மோட்டார் உண்டு என்று ஒரு வரி. எத்தனை பேருக்கு மாவு ஆட்டலாம், எவ்வளவு கனம், கப்பலில் வர எத்தனை நாளாகும், என்ன விலை. எங்கள் ஊரில் விலையை முதலில் சொல்ல மாட்டார்கள், வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் கடல் தாண்டி இருப்பவருக்கு எங்கே போய் டீ கொடுப்பது? விலையைப் போட்டோம். யாரிடம் கேட்பது என்ற இடத்தில் பூங்கொடி பெயரும், கம்பெனி போன் நம்பரும், மெயில் முகவரியும்.

மறுநாளே எண்ணிக்கைப் பெட்டி படுத்துவிட்டது. தங்கள் படம் இல்லாத பக்கத்துக்கு ஒறம்பரை எதற்கு வருகிறார்கள்? அன்னூர் மாப்பிள்ளை, பாதித் தலையும் போச்சா என்று போனில் சண்டைக்கு வந்தார். "ஈ ஓட்டுது பாத்தீங்களா? நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துப்போட்டாங்க," என்று தம்பி ஆபீசில் எல்லார் முன்னாலும் சொன்னாராம்.

அந்த வாரம் ஒரே ஒரு மெயில் வந்தது. அமெரிக்காவில் ஒரு பெண், வீட்டில் இருப்பது இரண்டே பேர், இந்தக் கிரைண்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாள். பூங்கொடி எழுதிய பதிலைப் படித்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கு மட்டும் என்றால் இது பெரிது, கல்லைத் தனியாளாகத் தூக்கிக் கழுவ உங்களுக்கு முதுகு வலிக்கும், அடிக்கடி விருந்தாளிகள் வருவதாக இருந்தால் வாங்குங்கள் என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா, வந்த ஒரே ஆளையும் இப்படித் தாட்டி உட்டுட்டியே!"

"வாங்கிப்போட்டு அந்தம்மா முதுகு வலியில நம்மளைத் திட்டிக்கிட்டேவா ஆட்டோணும்? கடைக்கு நேர்ல வந்திருந்தா இதத்தானுங்க சொல்லியிருப்பேன்."

பதிலுக்குப் பதில் வரவில்லை. ஆடியும் முடிந்தது.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து டீலர் காலையிலேயே வந்துவிட்டார். பூங்கொடி கேட்டுக்கொண்டதால் நானும் போயிருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, துக்கத்துக்குத் துணை மாதிரிதான். பெரியவர் தன் நாற்காலியில். எதிரில் டீலர், காகிதங்களை வரிசையாக விரித்துக்கொண்டிருந்தார். தம்பி பேனாவைத் திறந்து அண்ணன் கையில் கொடுத்தார். பூங்கொடி சுவரோரமாக நின்றிருந்தாள்.

மேசை மேல் போன் அடித்தது. பெரியவரே எடுத்தார்.

"ஆருங்க? ... எங்கிருந்துங்க? ... அமெரிக்காவா?" அவர் குரல் தானாக உயர்ந்தது. "ஆரு வேணுமுங்க? ... பூங்கொடியா? ... இருக்குதுங்க, இருங்க, இதோ குடுக்கறேன்."

ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "அம்மணி, ஒனக்குத்தான்."

போனின் வயர் குட்டை. மேசைக்கு அந்தப் பக்கம் வந்தால்தான் பேச முடியும். பூங்கொடி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நின்று பேச ஆரம்பித்தாள். எழுதிக்கொள்ளக் காகிதம் தேடினாள். பெரியவர் எழுந்து நகர்ந்து நின்றார். மாமனார் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத பெண், பேச்சு மும்முரத்தில் அதைக் கவனிக்காமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முதுகு வலிக்குமுன்னு எழுதினேனுங்களே, அப்பவும் வேணுமுங்களா? ... ஓ, மாமியாரும் நாத்தனாரும் வந்து தங்கப் போறாங்களா? அப்படீன்னா தாராளமா வாங்கலாமுங்க... உங்க பக்கத்து ஊட்டம்மாவுக்கும் ஒண்ணா? ... அவங்க ஊட்டுல எத்தனை பேருங்க?"

ஆபீசில் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீலர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் போனை வைத்ததும் பெரியவர் கேட்டார். "ஆரு அம்மணி அது? நம்ம ஒறம்பரையா?"

"இல்லீங்க மாமா."

"எந்தூரு, ஆரு ஊட்டுப் புள்ளைன்னு கேட்டயா?"

"கேக்கலீங்க மாமா. எனக்கு ஆருன்னே தெரியாதுங்க."

"ஆருன்னே தெரியாதா?" பெரியவர் போனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, "அப்ப அதுதான் கஸ்டமரு!" என்றார்.

"ரெண்டே ரெண்டு கிரைண்டருங்க," என்று டீலர் இழுத்தார்.

பெரியவர் பேனாவை மூடித் தம்பியிடம் கொடுத்தார். "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. இருங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்." எங்கள் பக்கத்தில் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். வியாபாரம் பண்ணிப் பழுத்த அந்த டீலருக்கு அது புரிந்தது. காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் பூங்கொடிக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. பதறி எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரு அம்மணி. மொதல்ல அந்தம்மாவோட அட்ரஸை ஒழுங்கா எழுதி வை," என்று சொல்லிவிட்டு, டீ சொல்லப் பெரியவர் வெளியே போனார்.